நினைவு தவறினாலும் மறவாத அன்பு
விவியன் லீயின் வாழ்வு தரும் சிந்தனை



திருவண்ணாமலையில் தவக்காலத்தின் ஒரு மாலை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பிறகு, ஒரு தாய் தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மகளுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும். திருமணமானவர், ஒரு பையனுக்குத் தாய். அவருடைய அடையாளம் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியது அவருடைய வேதனையை மட்டுமே.

கடுமையான மனச்சோர்வு அவரைப் பிடித்திருந்தது. வாரக்கணக்கில் சாப்பிடவில்லை, பேசவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்துவிட்டது. மாத்திரைகள் பலன் தராததால் மருத்துவர்கள் மின்அதிர்வு சிகிச்சை கொடுத்தார்கள். ஷாக் டிரீட்மெண்ட், கரண்ட் வைப்பது என்றெல்லாம் நம் மக்கள் சொல்வார்களே, அதுதான். அவர் எழுந்து உட்கார்ந்தார். சோறு கேட்டார். பையனைப் பார்த்துச் சிரித்தார். குடும்பம் கடவுளுக்கு நன்றி சொன்னது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு துன்பம் தொடங்கியது. செபமாலை சொல்லும்போது எந்த மணியில் இருக்கிறோம் என்பது தெரியவில்லை. மறையுரையின் இரண்டாவது வாக்கியம் வருவதற்குள் முதல் வாக்கியம் மறந்துவிடுகிறது. அடுப்பில் பாலை வைத்தது நினைவில் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, சில மாதங்களுக்கு முன் நடந்த தன் பையனின் புதுநன்மை விழாவே அவருக்கு நினைவில்லை. புகைப்படத்தைக் காட்டினால், யாருடைய வீட்டு விழாவையோ பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

அவர் என்னிடம் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. நோயின் நாட்களில் யாரையெல்லாம் திட்டினேன், என்னவெல்லாம் செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாத பாவத்தை எப்படி அறிக்கையிடுவது? அறிக்கையிடாவிட்டால் நற்கருணை வாங்கலாமா? இதைக் கேட்டுவிட்டு அவர் தலை குனிந்து நின்றார். கரண்ட் வைத்தால் மூளை போய்விடும் என்று ஒரு பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தார். இது நோயே அல்ல, ஏதோ பிடித்திருக்கிறது என்று இன்னொருவர் சொல்லியிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு அன்று என்னால் இயன்ற பதிலைச் சொன்னேன். பின்னர் சிந்தித்துப் பார்த்தபோது, உலகமே அறிந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை மனதில் வந்தது. அவருடைய தொழிலே நினைவில் வைத்துப் பேசுவதுதான். அவருக்கும் இதே நோயின் பாரம் இருந்தது. இதே சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. அவர்தான் நடிகை விவியன் லீ. ஆங்கிலத் திரைப்பட நடிகையின் வாழ்வு நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். அவர் நம் நாட்டில் பிறந்தவர். நம் நீலகிரி மலையில் சிறுமியாக வாழ்ந்தவர். ஒரு கத்தோலிக்கத் தாயின் மகள்.

1913-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், மேற்கு வங்கத்தின் மலைநகரான டார்ஜிலிங்கில் விவியன் மேரி ஹார்ட்லி பிறந்தார். தந்தை எர்னஸ்ட் கல்கத்தாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர். தாய் கெர்ட்ரூட் பக்தியுள்ள கத்தோலிக்கர். முதல் உலகப்போர் காலத்தில், 1917-இல், தந்தை குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டபோது, தாயும் குழந்தையும் உதகமண்டலத்தில் தங்கினார்கள். மூன்று வயதிலேயே, தாயின் நாடகக் குழுவுக்காக மேடையேறி ஒரு குழந்தைப் பாடலை மனப்பாடமாக ஒப்புவித்தாளாம் சிறுமி விவியன். நினைவாற்றலோடு தொடங்கிய வாழ்வு அது.

மகளைக் கத்தோலிக்க நெறியில் வளர்க்க விரும்பிய தாய், டார்ஜிலிங் லொரேட்டோ கன்னியர் மடப் பள்ளியிலிருந்து, 1920-இல் இங்கிலாந்தின் ரோஹாம்ப்டனில் உள்ள திரு இருதய சபை அருட்சகோதரிகளின் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அப்போது அவளுக்கு ஆறு வயது. கடல் கடந்து, பெற்றோரை விட்டுப் பிரிந்து, பெரிய பிள்ளைகளுக்கு நடுவில் தனியாக நின்ற சிறுமியை எண்ணிப் பாருங்கள். அழுத குழந்தைக்கு ஆறுதலாக ஒரு பூனைக்குட்டியை வைத்துக்கொள்ள அருட்சகோதரிகள் அனுமதித்தார்கள் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சட்டதிட்டங்கள் நிறைந்த விடுதியில் ஒரு குழந்தையின் துயரத்துக்காகச் சட்டத்தைச் சற்றே தளர்த்திய அந்த அன்பை நாம் மறக்க வேண்டாம். அந்தப் பள்ளியில்தான் தான் பெரிய நடிகையாக வேண்டும் என்று தோழியிடம் அவள் சொன்னாள்.

அவ்வாறே ஆனார். 1932-இல் வழக்கறிஞர் லீ ஹோல்மனை மணந்தார். 1933-இல் சூசன் என்ற மகள் பிறந்தாள். ஆனால் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் மீது கொண்ட காதலால் அந்தக் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். மணமுறிவுக்குப் பின் 1940-இல் ஒலிவியரை மணந்தார். திருச்சபையின் மகள் ஒருவர் எடுத்த இந்த முடிவு நமக்கு வருத்தம் தருவதே. குழந்தை சூசனும் விலை கொடுக்க நேர்ந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. தீர்ப்பிடும் பொறுப்போ நமக்குக் கொடுக்கப்படவில்லை.

1939-இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' திரைப்படத்தில் ஸ்கார்லெட் ஓஹாராவாக நடித்து ஆஸ்கர் விருது பெற்றார். அப்போது அவருக்கு வயது 26. உலகம் அவரைக் கொண்டாடியது. ஆனால் அந்தப் புகழின் பின்னால் நோய் வளர்ந்துகொண்டிருந்தது. 1944-இல் ஒரு படப்பிடிப்பின்போது கருச்சிதைவு ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து ஆழ்ந்த மனச்சோர்வு வந்தது. அதே காலக்கட்டத்தில் இடது நுரையீரலில் காசநோயும் கண்டறியப்பட்டது.

அவருக்கு இருந்த மனநோய் இருதுருவ நோய் என்று இன்று அழைக்கப்படுகிறது. சில நாட்கள் தூக்கமே இல்லாமல், ஓய்வே இல்லாமல் பேச்சும் ஓட்டமுமாக இருப்பார். பிறகு எழுந்திருக்கவும் முடியாத மனச்சோர்வில் விழுவார். இரண்டுக்கும் நடுவில் கோபம் வெடிக்கும். கணவர் உட்பட, மிகவும் நேசித்தவர்களையே வார்த்தைகளால் காயப்படுத்துவார். அது தணிந்த பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இருக்காது. மற்றவர்கள் சொல்லக் கேட்டு வெட்கத்தாலும் வருத்தத்தாலும் துடித்துப்போவார். தன் நினைவில் இல்லாத தவறுக்காக மனம் வருந்துவது எவ்வளவு பெரிய சிலுவை! நம் திருவண்ணாமலைச் சகோதரி கேட்ட கேள்வியோடுதான் இந்தப் பெண்ணும் வாழ்நாள் முழுவதும் வாழ்ந்தார்.

1949-இல் லண்டன் மேடையில் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில், மனம் சிதைந்து இறுதியில் மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படும் பிளான்ச் என்ற பெண்ணாக 326 முறை நடித்தார். 1951-இல் அது திரைப்படமாக வந்தபோது இரண்டாவது ஆஸ்கர் விருது கிடைத்தது. அந்தப் பாத்திரமே தன்னை மனநோய்க்குள் தள்ளியது என்று பின்னாளில் அவர் வேதனையோடு சொன்னதுண்டு.

1953-ஆம் ஆண்டு ஜனவரியில் 'எலிஃபண்ட் வாக்' என்ற திரைப்படத்துக்காக இலங்கைக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் கதை. நம் அண்டை நாடான அந்தத் தீவில்தான் நோய் முற்றியது. இரவில் தூக்கமில்லை. இல்லாதவை தோன்றின. அடுத்து ஹாலிவுட்டில் படப்பிடிப்பு தொடர்ந்தபோது முற்றிலும் நிலைகுலைந்தார். அவருக்குப் பதிலாக எலிசபெத் டெய்லர் நடித்தார். மயக்க மருந்து கொடுத்து அவரை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, லண்டனுக்குத் தெற்கே இருந்த நெதர்ன் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். இலங்கையில் எடுத்த காட்சிகளில் தூரத்தில் தெரியும் உருவமாக மட்டும் விவியன் லீ அந்தப் படத்தில் இன்றும் இருக்கிறார்.

அந்த ஆண்டுகளில் அவருக்குப் பலமுறை மின்அதிர்வு சிகிச்சை கொடுக்கப்பட்டது. இந்தச் சிகிச்சை 1938-இல் ரோம் நகரில் ஊகோ செர்லெட்டி, லூச்சியோ பினி என்ற இரு மருத்துவர்களால் தொடங்கப்பட்டது. தலையின் வழியாகச் சிறிதளவு மின்சாரம் செலுத்தி, மூளையில் வலிப்பு ஒன்றை உண்டாக்குவதே இதன் முறை. மனச்சோர்வின் பிடியில் உறைந்துபோனவர்கள் இதனால் மீண்டார்கள். ஆனால் தொடக்க ஆண்டுகளில் மயக்க மருந்து இல்லாமலே கொடுத்தார்கள். வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிந்தவர்களும் உண்டு. மின்சாரத்தின் அளவும் இன்றுபோல் நுட்பமாகக் கணக்கிடப்படவில்லை. நினைவிழப்பும் அதிகமாக இருந்தது.

சிகிச்சைக்குப் பின் விவியன் லீக்குத் தலைவலியும் குழப்பமும் மறதியும் இருந்தன. நினைத்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு மறதி ஒரு தொல்லை. ஒரு மேடை நடிகைக்கோ அது பிழைப்பின் அடித்தளத்தையே அசைப்பது. இரண்டரை மணி நேர வசனத்தை, ஒரு சொல் பிசகாமல், நூற்றுக்கணக்கான மக்களுக்கு முன் சொல்ல வேண்டும். எழுதியதைப் பார்த்துப் படிக்க முடியாது.

இருந்தும் அவர் திரும்பி வந்தார். நெதர்னிலிருந்து வந்த அதே ஆண்டு, நவம்பர் 5-ஆம் நாள், தன் 40-ஆவது பிறந்தநாளன்று, லண்டனின் ஃபீனிக்ஸ் அரங்கில் 'த ஸ்லீப்பிங் பிரின்ஸ்' நாடகத்தில் நடித்தார். 1955-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரே பருவத்தில் ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களில் நடித்தார். 1960-இல் நியூயார்க்கில் நடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே சிகிச்சையும் பெற்று மேடைக்குத் திரும்பினார் என்று அவருடைய வரலாறுகள் சொல்கின்றன. 1961 முதல் 1962 வரை மூன்று நாடகங்களோடு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தென் அமெரிக்காவிலும் சுற்றினார். 1963-இல் 'டோவாரிச்' என்ற இசை நாடகத்தில், 49 வயதில், பாடி ஆடி டோனி விருது பெற்றார். அதே ஆண்டில் நோய் மீண்டும் தாக்கியது. நடுவிலேயே விலகி வீடு திரும்ப வேண்டியதாயிற்று. 1966-இல் மறுபடியும் மேடையில் நின்றார்.

விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார், மறுபடியும் எழுந்தார். கல்வாரிப் பாதையில் நம் ஆண்டவர் மூன்று முறை விழுந்ததாகச் சிலுவைப்பாதையில் தியானிக்கிறோம். விழுவது வெட்கம் அல்ல என்பதை அந்த நிலைகள் நமக்குக் கற்றுத் தருகின்றன அல்லவா?

அவரைச் சூழ இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். ஒலிவியர் பல ஆண்டுகள் உடனிருந்து போராடினார், களைத்தார். சிகிச்சைக்குப் பிறகு தான் காதலித்த பெண்ணாக விவியன் இல்லை என்று அவருக்குத் தோன்றியதைத் தன் வாழ்க்கை நூலில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். நோயாளியின் வீட்டார் பலர் மனதுக்குள் நினைத்து, வெளியே சொல்ல அஞ்சும் உண்மை இது. 1960-இல் மணமுறிவு ஏற்பட்டது. பிறகு நடிகர் ஜாக் மெரிவேல் இறுதிவரை அவருடன் இருந்து கவனித்துக்கொண்டார். நோயின் தன்மையை ஒலிவியரே அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தார். விட்டுப் பிரிந்து வந்த முதல் கணவர் ஹோல்மனும் கசப்பு பாராட்டாமல் நண்பராகவே இருந்தார். இவர்களுடைய உறவுமுறைகளை நாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. ஆனால் நோயாளியைக் கைவிடாத அந்த மனம், நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

1967 மே மாதத்தில் காசநோய் மீண்டும் தாக்கியது. அப்போதும் அடுத்த நாடகத்துக்கான வசனங்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஜூலை 7-ஆம் நாள் இரவு நாடகம் முடித்து வீடு திரும்பிய மெரிவேல், பின்னிரவில் அவர் தரையில் இறந்து கிடப்பதைக் கண்டார். வயது 53. மருத்துவமனையில் இருந்த ஒலிவியர் செய்தி கேட்டு எழுந்து வந்து, அவருடைய உடலருகே நின்று, தங்களுக்குள் நேர்ந்த எல்லாத் தீமைகளுக்காகவும் மன்னிப்பு வேண்டிச் செபித்தார். லண்டன் நாடக அரங்குகளின் வெளிவிளக்குகள் ஒரு மணி நேரம் அணைக்கப்பட்டன. இறுதிச் சடங்கு வழிபாடு தூய மரியா கத்தோலிக்க ஆலயத்தில் நடந்தது. ஆறு வயதில் திரு இருதய அருட்சகோதரிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையைத் திருச்சபை செபத்தோடு வழியனுப்பி வைத்தது.

இருதுருவ நோய்க்கு லித்தியம் பயன்படும் என்று 1949-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதியிருந்தார். ஆனால் அது பரவலான வழக்கத்துக்கு வருவதற்குள் விவியன் லீயின் வாழ்வு முடிந்துவிட்டது. இன்று நம் நாட்டில் அந்த மாத்திரை சாதாரணமாகக் கிடைக்கிறது. கிடைத்ததை வாங்கிக்கொள்ளாமல் வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்து வைத்தால், அது யாருடைய குற்றம்?

அன்புக்குரியவர்களே, இந்த வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு.

முதலாவது, மருத்துவ உண்மையை அறிந்துகொள்வோம். இன்றைய மின்அதிர்வு சிகிச்சை 1950களின் சிகிச்சை அல்ல. மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பொதுவாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை என்று 6 முதல் 12 முறை கொடுக்கப்படுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்கிறது. உணவு மறுத்து, உயிரை மாய்க்கத் துணியும் அளவுக்கு மனச்சோர்வு முற்றியவர்களுக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை.

அதே நேரம், மறதி வருவது உண்மை. அதை மறைப்பதும் சரியல்ல. சிகிச்சை முடிந்த சில மணி நேரம் குழப்பம் இருக்கும். கவனக் குறைவும், புதியவற்றை நினைவில் நிறுத்த முடியாமையும் பெரும்பாலும் சில வாரங்களில் படிப்படியாகச் சரியாகின்றன. ஆனால் சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள், மாதங்களின் நினைவுகள் சில, எழுதிய மை காய்வதற்குள் நீர் பட்டதுபோல் அழிந்துபோகலாம். சிலருக்கு அவை திரும்புவதே இல்லை. மனச்சோர்வும் தானாகவே கவனத்தைச் சிதறடிக்கும் நோய்தான். கவனம் பதியாத நாட்களின் நினைவு எப்படி நிலைக்கும்? எனவே எது நோயால், எது சிகிச்சையால் என்று பிரிப்பது எளிதல்ல. மறதி இருந்தால் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் செலுத்துவது, அளவைக் குறைப்பது, இடைவெளியைக் கூட்டுவது என்று வழிகள் உண்டு. மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, குடும்பம் நோயாளியின் நினைவாக இருக்கட்டும். ஒரு நோட்டில் அன்றாடம் நடந்ததை எழுதி வையுங்கள். புகைப்படங்களைப் பார்த்து நிதானமாகக் கதை சொல்லுங்கள். நினைவிருக்கிறதா, நினைவிருக்கிறதா என்று தேர்வு வைக்காதீர்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் பத்திரத்தில் கையெழுத்து, பணப் பொறுப்பு, வண்டி ஓட்டுவது வேண்டாம். அடுப்பருகே ஒருவர் துணை இருக்கட்டும். செபமாலையை இன்னொருவர் முன்னின்று சொல்லட்டும், நோயாளி பதில் மட்டும் சொன்னால் போதும். பாதியில் தூங்கிவிட்டாலும், எண்ணிக்கை தவறினாலும் அன்னை மரியா மணிகளை எண்ணிக்கொண்டிருப்பவர் அல்லர்.

மூன்றாவது, நோயைப் பாவம் என்றும் பேய் என்றும் சொல்லாதிருப்போம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை நம் மாநிலம் மறக்கக்கூடாது. மருத்துவம் தேடாமல், கட்டிவைத்துக் குணம் எதிர்பார்த்ததன் விலை அது. செபமும் மருத்துவமும் எதிரிகள் அல்ல. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின் நினைவு தடுமாறி, பிரான்ஸ் நாட்டின் கான் நகர மனநல மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். அதே லூயி மார்ட்டினை 2015-இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது. மனநல மருத்துவமனைப் படுக்கை புனிதத்துக்குத் தடையாகவில்லை. 2003-இல் மனச்சோர்வு பற்றி வத்திக்கானில் நடந்த மாநாட்டில் புனித இரண்டாம் யோவான் பவுல் பேசினார். 2006-ஆம் ஆண்டின் உலக நோயாளர் நாளைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் மனநோயாளர்களை மையமாக வைத்துக் கொண்டாடச் செய்தார். திருச்சபை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, நாம் ஏன் இன்னும் கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறோம்?

இப்போது அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் செய்வதே சாவான பாவம் என்று திருச்சபை போதிக்கிறது. நோயின் பிடியில், தன் வசமில்லாமல் வந்த சொற்களை அந்தக் கணக்கில் எழுத முடியாது. மேலும், ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் மனம் வருந்தி, நினைவில் உள்ளதை மறைக்காமல் சொன்னால், நம் குற்றமின்றி மறந்துபோனவையும் சேர்த்தே மன்னிக்கப்படுகின்றன. கடவுள் நம் நினைவாற்றலுக்கு மதிப்பெண் போடுபவர் அல்லர். நினைவில்லாத தவறுக்காகவும் வருந்திய விவியன் லீயின் மனத்தை அவர் அறியாதிருப்பாரா?

தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தான் நம்மை மறப்பதில்லை என்றும், தம் கைகளில் நம்மைப் பொறித்து வைத்திருப்பதாகவும் இறைவன் எசாயா வழியாக வாக்களித்திருக்கிறார். நாம் கடவுளை நினைவில் வைத்திருப்பதால் அல்ல, அவர் நம்மை நினைவில் வைத்திருப்பதாலேயே வாழ்கிறோம். ஒவ்வொரு திருப்பலியும் ஒரு நினைவுகூர்தல்தான். அங்கே தனியாக நினைவு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒருவர் மறந்த செபத்தை அருகில் நிற்பவர் சொல்கிறார். அதற்காகத்தான் நாம் கூடி வருகிறோம்.

நம் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பேரும் ஊரும் சொல்லத் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய மகளாக, யாரோ ஒருவருடைய தந்தையாக இருந்தவர்கள்தான். அவர்களுக்குத் தம் பெயர் மறந்திருக்கலாம். கடவுளுக்கு மறக்கவில்லை. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்போது, மறதி நோய் யாருக்கு என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வாழ்வதில் விருப்பம் குறைந்துபோனால், அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். உங்கள் பங்குத்தந்தையிடமும் பேசுங்கள்.

அந்தச் சகோதரி அன்று நற்கருணை வாங்காமல் நின்றவர். அடுத்த ஞாயிறு, தன் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தார். பையன் அவருக்கு முன்னால் நின்று, எப்படிக் கைகளைக் குவிக்க வேண்டும் என்று செய்து காட்டினான். தன் புதுநன்மையில் கற்றுக்கொண்டதை அவன் தன் அம்மாவுக்கு நினைவுபடுத்தினான்.

செபிப்போமாக: எங்களை ஒருபோதும் மறவாத தந்தையே, மனச்சோர்வாலும் மறதியாலும் வாடும் உம் பிள்ளைகளைக் கண்ணோக்கியருளும். அவர்களுக்குச் சிகிச்சை தரும் கைகளை ஆசீர்வதியும். அவர்களோடு வாழும் குடும்பங்களுக்குப் பொறுமையைத் தாரும். அவர்கள் மறந்த செபங்களை நாங்கள் சொல்லவும், அவர்கள் இழந்த நாட்களை நாங்கள் காத்து வைக்கவும் எங்களுக்கு அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.